பிணைச்சலில் சிக்கிய எலுமிச்சை விதை

ஹட்டன் பஸாரில், ஓர் இரும்புக் கடையின் பின்பக்கத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த வாரமே நான் சுவரில் நான்கு விதிகளை எழுதி ஒட்டினேன். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் உருக்கைக் கறுப்பாக்கும் தொட்டியருகே வரக்கூடாது. கோஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றக்கூடாது. அலுமினியமோ நாகம், அதாவது துத்தநாகம், பூசிய சாமானோ தொட்டிக்குள் போகக்கூடாது. கறுப்பேறிய உருக்கை வெறும் கையால் தொடக்கூடாது. யாராவது ஏன் என்று கேட்டால் நான்குக்கும் என்னால் காரணம் சொல்ல முடியும். ஐந்தாவது விதி பிறகு வந்தது. அதை நான் எழுதவில்லை. அது இன்றுவரை சுவரிலும் இல்லை.

பட்டறையில் என் வேலைக்கு 'புளூ போடுறது' என்று பெயர். உருக்குக்குப் பெயின்ட் அடித்தால் அது மேலே உட்கார்ந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும். நாங்கள் உருக்கின் தோலையே வேறாக்கினோம். இரும்பு எப்படியும் காற்றோடு சேரத்தான் பார்க்கும். தானாகச் சேர்ந்தால் சிவப்புத் துரு. அது இரும்பைத் தின்னும். நாம் பார்த்துச் சேர்த்து வைத்தால் கறுப்பு ஒட்சைட்டு. அது இரும்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கோஸ்டிக் சோடாவும் சோடியம் நைத்திரேற்றும் கரைத்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் போகச் சுத்தம் செய்த சாமானை அதில் தொங்கவிட்டால், கத்தரிக்காய்த் தோல் போன்ற ஒரு நீலக்கறுப்பு மெல்ல ஏறும். பிறகு பச்சைத் தண்ணீரில் ஓர் அலசல், கொதிநீரில் ஓர் அலசல், கடைசியில் எண்ணெயில் முக்கல். அவ்வளவுதான். அந்த நிறம் ஏறுவதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இரசாயனத்தோடு கொழும்பிலிருந்து ஒரு தாளும் வந்திருந்தது. கொதி வந்ததும் சாமானை இறக்கவும் என்று அதில் போட்டிருந்தது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது சரி. ஹட்டன் உயரத்தில் எதுவும் சீக்கிரம் கொதித்துவிடும். சூடு மட்டும் போதாமல் இருக்கும். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான். முதல் தடவை தாளை நம்பி இறக்கிய சாமான், பாதி வெந்த ரொட்டி போல் பழுப்பும் சாம்பலுமாக வந்தது. நான் ஒரு வெப்பமானி வாங்கித் தரச் சொன்னேன். சோடாவையும் நைத்திரேற்றையும் கூட்டினேன். கொதிநிலை உயர்ந்தது, வேண்டிய சூடு வந்தது, கறுப்பும் வந்தது. முதலாளி கதவுக் கீலான பிணைச்சல் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ளைன்னு சும்மா சொல்லல," என்றார். நான் நான்காவது விதியை நினைவுபடுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே அதைத் துணியால் பிடித்துக்கொண்டார்.

என் நிலைமையைச் சொல்ல வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் உலோக வேலை வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சான்றிதழ் வாங்கிய பிறகு என் முன்னால் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, கொழும்புக்குப் போய் ஆடைத் தொழிற்சாலையில் நிற்பது. இரண்டு, அம்மா கொழுந்து பறிக்கும் மலையில் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நிற்பது. இந்தப் பட்டறை மூன்றாவது வழி. அதிலும் நான் அப்போது நாள் கூலிதான். அவர் நாளைக்கு வராதே என்றால் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் நுவரெலியாவில் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கதவு ஜன்னல் பிணைச்சல், தாழ்ப்பாள், கொக்கி, குளிர்காயும் அடுப்புக்கு இடுக்கி எல்லாம் மினுக்கம் இல்லாமல் கறுப்பு உருக்கில் வேண்டும் என்றார்கள். முதலாளி அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு வந்த அன்று தொட்டியருகே வந்து சொன்னார்.

"இங்க பாரு புள்ள. இந்தச் சரக்கு நல்லபடியா போச்சுன்னா, பின்பக்கத்துக் கட்டடமும் நமக்குத்தான். அப்புறம் இந்தத் தொட்டி ஒன் பொறுப்பு. மாசச் சம்பளம். நா கேள்வி கேக்க மாட்டேன்."

"போகாட்டி?"

"போகாட்டி நா எதுக்கு இத வச்சிக்கிட்டு? சீமெந்து வித்துக்கிட்டே இருந்திருப்பேனே."

நான் அந்தச் சரக்கைச் செய்து முடித்தேன். ஒவ்வொரு துண்டையும் வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சிவப்பு ஒட்டுகிறதா என்று பார்த்து, எண்ணெயிட்டு, மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கினேன். மூடியை ஆணி அடிக்காமல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. வெள்ளிக்கிழமை. கடையை விட்டுப் போகும் பெரிய சரக்கு எதுவானாலும் அவருக்கு ஒரு பூசை உண்டு. நான் உள்ளே அலசல் பீப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். சாம்பிராணி வாசம் வந்தது, மணி அடித்தது, பிறகு சுத்தியல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் லொறி அதே பெட்டிகளோடு திரும்பி வந்தது. லொறிக்காரர் பஸாரில் எல்லாருக்கும் பழக்கமான ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லாரும் நானா என்போம். எங்கள் கடைச் சரக்கு முழுவதையும் அவர்தான் ஏற்றுவார். எப்போதும் இறங்கும்போதே ஏதாவது சொல்லிக்கொண்டு இறங்குவார்.

"தங்கச்சி, ஒங்க சாமானுக்கெல்லாம் அம்ம போட்டிருக்கு. வேப்பெலையில படுக்க வச்சி எளநி குடுங்க."

"என்ன நானா சொல்றீங்க?"

"தொறந்து பாருங்களேன். ஹோட்டல்காரன் என்னையப் பாத்து மொறைக்கிறான், நான்தான் சிரங்கு புடிச்ச கையால தடவிக் குடுத்த மாதிரி."

மூடியைத் திறந்தேன். கறுப்பில் வட்டவட்டமாகச் சாம்பல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் செம்மஞ்சள் துரு. நுவரெலியாவின் பனியில் ஒரு வாரம் கிடந்தால் வெற்று உருக்கு வேறு எப்படி இருக்கும்.

முதலாளியும் அவருடைய மனைவியும் கல்லாவை விட்டு வந்தார்கள். முதலாளியம்மா நல்ல பொம்பளை. என் சாப்பாட்டுப் பெட்டியில் தன் வீட்டுக் குழம்பை ஊற்றாத நாள் குறைவு. அவர் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆண்களை விட்டு என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய்க் கேட்டார்.

"புள்ள, போன வாரம் நீ தூரமா இருந்தியா?"

மாதவிடாயைத்தான் கேட்டார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது என் பழக்கம். "ஆமாங்க," என்றேன்.

"அதோடயா தொட்டிகிட்ட நின்ன?"

"வேலை இருந்திச்சுங்களே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். "நீயும் சின்னப் புள்ள, ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா," என்று இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தோடே முதலாளியிடம் போய்க் குனிந்து சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். நானா லொறிச் சக்கரத்தைச் சும்மா ஓர் உதை உதைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போனார். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. தொட்டிக்குத் தீ மூட்டவும் சொல்லவில்லை.

நான் உட்கார்ந்து யோசித்தேன். பிசுக்குச் சரியாகப் போகாமல் இருந்தால் நிறம் திட்டுத்திட்டாக ஏறும், இப்படி வட்டமாக வராது. சூடு போதாவிட்டால் துண்டு முழுவதும் பழுப்பாகும். உப்பு அலசாமல் மிஞ்சியிருந்தால் மூட்டுகளில் வெள்ளையாகப் பூக்கும். வேர்வைக் கை பட்டால் விரல் ரேகையே பதியும். இவை ஒன்றும் இல்லை. பெட்டியைத் தட்டுத் தட்டாகப் பிரித்தேன். மேல் தட்டில் மட்டும்தான் புள்ளி. அதிலும் மேல்நோக்கி இருந்த பக்கத்தில் மட்டும். கீழ்த் தட்டுகள் நான் வைத்தபடியே நீலக்கறுப்பாக இருந்தன. சில புள்ளிகளுக்கு வால் இருந்தது. மேலிருந்து ஏதோ சொட்டி, சரிவில் ஓடியிருக்கிறது. ஒரு பெரிய பிணைச்சலை மடக்கப் பார்த்தேன், முழுவதும் மடங்கவில்லை. ஊசியால் நோண்டினேன். சின்னதாக, காய்ந்து, குங்குமம் ஒட்டியபடி ஒரு விதை விழுந்தது.

எலுமிச்சை விதை.

அப்போதுதான் புரிந்தது. பழத்தை வெட்டி, குங்குமம் தடவி, சரக்கைச் சுற்றி, நான்கு மூலையிலும் பிழிந்துவிடுவது அவர் பூசையின் முடிவு. தகரத்துக்கும் பெயின்ட் டின்னுக்கும் சீமெந்துப் பைக்கும் இத்தனை காலமாக அதைத்தான் செய்து வந்திருக்கிறார். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. கறுப்பு ஒட்சைட்டுக்கு எலுமிச்சைச் சாறு எமன். கடையிலேயே கறுப்பைக் கழற்ற வேண்டுமானால் நான் அமிலத்தைத்தான் எடுப்பேன். அவர் அதைச் சாமி பெயரால் சொட்டவிட்டிருக்கிறார்.

விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். சொல்லிப் புரியாது என்று தோன்றியது. கல்லா மேசையில் பிளேன்டீக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கீழ்த் தட்டிலிருந்து நல்ல கறுப்புத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு, அவர்கள் பார்த்திருக்க அதன்மேல் சாறு பிழிந்தேன். நானா டீக் கோப்பையோடு வந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் துடைத்தபோது, சாறு நின்ற இடம் சாம்பலாக, கழுவிய தட்டு மாதிரி இருந்தது.

"அடேயப்பா," என்றார் நானா. "சாமிக்குப் போட்டது சாமானத் தின்னுருச்சே மொதலாளி."

"சாமியக் கொற சொல்லாதீங்க நானா," என்றார் முதலாளியம்மா.

"நா எங்க சாமியச் சொன்னேன்? பழத்தச் சொன்னேன்."

முதலாளி தாழ்ப்பாளை வாங்கிப் பார்த்தார், இந்தத் தடவை வெறும் கையால். வியாபாரி. கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லும் ஆள் அல்ல.

"சரி புள்ள. ஒத்துக்கிறேன். இனிமே பழத்த வாசப்படியில வெட்டுவோம். சாமான்ல ஒரு சொட்டு படக் கூடாது."

எனக்கு மூச்சு வந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"நீயும் அந்த மூணு நாளு வராத. அம்மாகிட்டச் சொல்லிட்டு வீட்ல இரு. ரெண்டையும் பாத்துக்கிட்டோம்னா நமக்கு ஒரு பயமில்ல."

"மொதலாளி, இப்பத்தானே பாத்தீங்க. பழந்தாங்க காரணம்."

"பாத்தேன். நா இல்லன்னு சொல்லல. அதும் இருக்கும், இதும் இருக்கும்."

பயிற்சி நிலையத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. பழுது தேடும்போது ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்று எவருக்கும் தெரியாது. அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். நானா எனக்கு மட்டும் தெரியும்படி தலையை ஆட்டினார், வேண்டாம் என்பது போல. தொட்டிக்குத் தீ மூட்டச் சொல்லி முதலாளி கடைக்குள் போய்விட்டார்.

அன்று மாலை லயத்துக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா காலில் அட்டை கடித்த இடத்தைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளு வரவேணாங்குறாங்களா?"

"ஆமாம்மா. கூலி கெடையாது."

அம்மா சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "எங்கள எவன் கேட்டான்? மழையில, இடுப்புல படங்குச் சாக்கு சுத்திக்கிட்டு, ரத்தம் காலோட வழிய நின்னு பறிச்சிருக்கேன். கங்காணிகிட்டச் சொன்னா, 'சரி, அரைப் பேரு போட்டுக்கிறேன்'ம்பான். தேயிலைக்குத் தீட்டே கெடையாது. ஒன் இரும்புக்குத்தான் அவ்வளவு மவுசு."

அரைப் பேர் என்றால் பாதி நாள் சம்பளம். அம்மாவுக்கு அந்த விடுமுறை கிடைக்காதது ஒரு கசப்பு. எனக்கு அது கிடைத்தது ஒரு கசப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சாம்பலைத் தட்டிவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.

புள்ளி விழுந்த துண்டுகளின் கறுப்பைக் கழற்றி, மினுக்கி, மறுபடியும் போட்டு அனுப்பினேன். ஹோட்டல் ஏற்றுக்கொண்டது. பின்பக்கத்துக் கட்டடமும் வந்தது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை: தொட்டி என் பொறுப்பு, மாதச் சம்பளம், மாதாமாதம் மூன்று நாள் கழிவு. கழிவைச் சொல்லும்போது அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. கழிக்காமல் இருக்கும் அளவுக்கு இல்லை.

முதல் மாதம் நான் ஒழுங்காக வீட்டில் இருந்தேன். முதலாளியம்மாவுக்குத் தொலைபேசியில், "இன்னைக்கு வரலீங்க," என்றேன். "சரி புள்ள, சரி," என்றார், குரலைத் தாழ்த்தி. அவருக்குப் பின்னால் கடையில் யாரோ ஆணி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இனி ஒவ்வொரு மாதமும் என் உடம்பின் செய்தி இப்படி ஒரு கல்லா மேசைக்குப் போகும் என்று நினைத்தபோது எனக்கு வாய் கசந்தது.

இரண்டாவது மாதம் பொய் சொன்னேன். வேறு மூன்று நாட்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். சோடாச் சேறு அள்ளி, தொட்டி சுத்தம் செய்யும் நாட்களாகப் பார்த்து எடுத்தேன். அந்த வேலையைப் பட்டறையில் இருந்த ஆண்கள் திட்டிக்கொண்டே செய்தார்கள். உண்மையான நாட்களில் வேலைக்குப் போனேன். தொட்டியருகே நின்றேன். சாமானை இறக்கினேன். இடுப்பு வலித்தது, அதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. நிறம் எப்போதும் போல ஏறியது.

அப்போது எனக்கு ஒரு திட்டம் இருந்தது. ஒரு புள்ளி இல்லாமல் பல மாதச் சரக்கு போன பிறகு, முதலாளியை நிறுத்தி, இவையெல்லாம் நான் எந்த நாட்களில் செய்தவை தெரியுமா என்று கேட்பேன். தாழ்ப்பாளில் எலுமிச்சையைக் காட்டியது போல் இதையும் காட்டிவிடலாம்.

ஒரு நாள் முதலாளியம்மா கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் கறுப்புக் கொக்கி ஒன்றைக் காட்டிப் பேசுவது பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

"மொதல்ல ஒரு தடவ அப்படியே பொட்டுப் பொட்டா வந்திருச்சு. இப்பப் பாருங்க, கண்ணாடி மாதிரி. எங்க புள்ள அந்த நாள்ல தொட்டிப் பக்கமே வர்றதில்ல. ஒழுங்கா இருந்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும்."

பழத்தைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை, அது அவருக்கு நினைவில் இல்லை. நான் செய்த ஒவ்வொரு நல்ல துண்டும் அவருடைய விதிக்குச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். பொய் சொன்னவள் என்று ஆகும். தொட்டி போகும். எங்கோ ஒரு ஜன்னலில், யாரோ உப்புக் கையால் தொட்டுத் துருவேறிய ஒரு பிணைச்சல் எப்போதும் இருக்கும். அதை எடுத்து வந்து காட்டுவார்கள். சொல்லாமல் இருந்தால் அவர் சொல்வதே உண்மையாக இருக்கும். பரிசோதனையை நான் சரியாகத்தான் செய்திருந்தேன். முடிவைக் கேட்க ஆள்தான் இல்லை.

வேலை கூடியதும் எனக்கு உதவியாக இன்னொரு பெண்ணை எடுத்தார்கள். அதே பயிற்சி நிலையம், அதே சான்றிதழ், வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. முதலாளியம்மாவே அவளைப் பின்பக்கம் கூட்டிவந்தார்.

"எல்லாம் அக்காகிட்டக் கேட்டுக்க புள்ள. அந்த மூணு நாளு சங்கதியும் அக்கா சொல்லுவா. அவ கரெக்டா இருப்பா."

அவர் போன பிறகு நான் அவளுக்குச் சுவரில் இருந்ததைக் காட்டினேன். அவள் நல்ல மாணவி. ஒரு தாளை மடித்துக் கோடு போட்டு, இடது பக்கம் விதி, வலது பக்கம் காரணம் என்று பிரித்துக்கொண்டாள். கண்ணாடி, கையுறை: தெறித்தால் கண் போகும். சோடாவைத் தண்ணீரில்: தலைகீழாகச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியமும் நாகமும் வேண்டாம்: கரையும், எரியக்கூடிய வாயு வரும். வெறும் கை வேண்டாம்: வேர்வை உப்பு, துரு. வேகமாக எழுதினாள். எழுத்தும் அழகாக இருந்தது.

"அந்த மூணு நாள்னு அவங்க சொன்னாங்களே அக்கா?"

"அந்த நாள்ல வேலைக்கு வரக் கூடாது. அவங்ககிட்டச் சொல்லிட்டு வீட்ல இருக்கணும். சம்பளத்துல கழிப்பாங்க."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். நான் கோபப்பட்டு முடித்து நாளாகியிருந்தது. அவளுடையதையாவது பார்க்கலாம் என்று இருந்தேன். அவள் தலையாட்டினாள். நான்குக்குக் கீழே ஐந்து என்று போட்டு, அதே பேனாவால், அதே அழகான எழுத்தில் எழுதினாள். பிறகு பேனாவை வலது பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"காரணம் என்ன போடட்டும் அக்கா? சோடாவுக்கு ஒத்துக்காதா?"

முன்பக்கம் கல்லாவில் சில்லறை எண்ணும் சத்தம் கேட்டது. சொல்ல எனக்கு நிறைய இருந்தது. விதை, தாழ்ப்பாள், வாசப்படி, மலை. அவள் அன்றுதான் சேர்ந்திருந்தாள். முதலாளியம்மாவிடம் போய் அப்படியே ஒப்பிப்பாளா, மாட்டாளா என்று எனக்குத் தெரியாது.

"அத வெறுமையா விடு," என்றேன்.

அவள் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள். வெப்பமானி வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது. இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து, பிணைச்சல்களைத் தொட்டிக்குள் மெல்ல இறக்கினோம். அந்த மூன்றில் அன்று எனக்கு இரண்டாம் நாள். சாமான் நல்ல கறுப்பாக வந்தது.